சுவரைக் கேள்

அத்தியாயம் பதினான்கு

பெரியவர் கண் விழித்துவிட்டார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் அவரை நடையில் கைகால் வெட்டி இழுக்க விழுந்த நிலையில் விட்டுவிட்டு, நான் பாட்டுக்குப் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டேன். அதற்கு நீங்கள் என்னைத் திட்டியிருந்தால் நியாயம்தான்.

விழித்தவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் ஏன் இப்படி முனகுது?" என்பது. முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். தலையில் அறுவை சிகிச்சை முடிந்து பதினோரு மாதம் ஆகிறது. இன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு நிற்காது. ஆனால் எந்தக் கட்டடத்து லிஃப்டில் எந்தக் கம்பியை எப்போது மாற்றினார் என்று கேட்டால் தேதியோடு சொல்வார்.

கட்டிலைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். மகன், மகள், மாப்பிள்ளை. மகன் பஸ்களில் டிக்கெட் பரிசோதகர். கல்யாணமே வேண்டாம் என்று நாற்பத்தாறு வயதை எட்டியவர். மகள் கூப்பிடுகிறபடி நாமும் அவரை அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். மகள் பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். உடைந்தது, கருகியது, எடை குறைந்தது எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மாப்பிள்ளை சோபாவுக்கு உறை தைக்கிறவர், வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. சோதிக்கிறவர்கள் இரண்டு பேரும் வேலை செய்கிறவர் ஒருவரும் இருக்கிற வீட்டில் அந்த ஒருவரின் பாடு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டரம்மா கையில் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"வலிப்பு மாத்திரை ஒழுங்காப் போகுதா?"

"நேத்து மதியம் ஒரு வேளை விட்டுப்போச்சு டாக்டர்," என்றார் அண்ணன். சொல்லும்போதே மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"ஒரு வேளைதானா?" டாக்டரம்மா காகிதத்தை விரலால் தட்டினார். "ரத்தத்துல இருக்க வேண்டிய மருந்துல பாதிதான் இருக்கு. ஒரு வேளை விட்டா இவ்வளவு இறங்காது. இது ரொம்ப நாளா நடந்திருக்கு. யார் கொடுக்கறீங்க?"

"காலையும் மதியமும் நான் கொடுக்கறேன்," என்றார் மாப்பிள்ளை.

"ராத்திரி என் பொறுப்பு," என்றார் அண்ணன்.

"யார் பொறுப்பா இருந்தாலும் சரி, மூணு வேளையும் உள்ளே போகணும். இப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குக் காலையில மறுபடி ரத்தம் எடுப்போம். இன்னொரு தடவை இப்படி வந்தா, ஆபரேஷன் பண்ணின இடம் தாங்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மூன்று பேரும் வராந்தாவுக்கு வந்தார்கள். அங்கே வெடித்தது.

"கேட்டுக்கிட்டியா பாப்பா?" அண்ணன் தங்கையைப் பார்த்துத்தான் பேசினார். முகத்துக்கு நேரே மாப்பிள்ளையைத் திட்டுவது மரியாதை இல்லை என்று அவருக்கு ஒரு கணக்கு. "ரொம்ப நாளா நடந்திருக்காம். நேத்து ஒரு நாள் மட்டும் இல்ல. மாத்திரையைக் கொடுக்காமலே சுவர்ல டிக் போட்டுட்டுப் போற ஆளை நம்பி அப்பாவை விட்டு வெச்சிருக்கோம்!"

"நான் போடல மச்சான்," என்றார் மாப்பிள்ளை. காலையிலிருந்து அது ஏழாவது முறை.

"அப்ப சுவர் தானாப் போட்டுக்கிச்சா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, சுவர் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும்.

பெரியவர் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு நாள், மாத்திரையை மாப்பிள்ளை ஒரு முறை கொடுத்தார். அரை மணி கழித்து அண்ணன் ஒரு முறை கொடுத்தார். "கொடுத்தாச்சா?" என்று ஒருவர் கேட்க, "ம்" என்று இன்னொருவர் வேறு எதற்கோ சொல்ல, பெரியவர் அன்றைக்கு முழுக்கத் தூங்கி வழிந்தார். மகளுக்குக் கோபம் தலைக்கேறியது. தொழிற்சாலையில் வாய் வார்த்தைக்கு மதிப்பே கிடையாது, எல்லாம் டிக்தான். தன்னுடைய பழைய போனை எடுத்து, பெரியவர் அறை வாசலுக்குப் பக்கத்தில், நடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். சார்ஜர் எப்போதும் சொருகியபடி இருக்கும். திரை இரவும் பகலும் அணையாது. எதிரே ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று பிரகாசத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்தாள்.

வெள்ளைத் திரையில் மூன்று பெரிய கட்டங்கள்: காலை, மதியம், இரவு. மாத்திரையை விழுங்க வைத்த கையோடு அந்தக் கட்டத்தைத் தொட வேண்டும். தடிமனாகப் பச்சை டிக் விழும். அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு எல்லா டிக்கும் தானாக அழிந்து, திரை புதிதாகிவிடும். பழைய நாள் விவரம் எதையும் அது வைத்துக்கொள்ளாது.

அதோடு ஒரு சட்டமும் போட்டாள். மாத்திரை கொடுத்தாச்சா என்று இந்த வீட்டில் யாரும் யாரையும் வாயால் கேட்கக் கூடாது. சுவரைக் கேள். அவ்வளவுதான்.

பத்து மாதமாக அந்தச் சட்டம் ஒழுங்காக ஓடியது. நேற்று மாப்பிள்ளைக்கு வெளியில் ஒரு வீட்டில் உறை மாட்டுகிற வேலை. "மதியம் மட்டும் மாமாவைப் பாத்துக்கங்க மச்சான்," என்று போனில் சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டார். அண்ணன் ஒரு மணிக்குச் சாப்பிட வந்தார். சுவரைப் பார்த்தார். மதியக் கட்டத்தில் டிக் இருந்தது. சரி, மனுஷன் கொடுத்துவிட்டே போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். வாயால் கேட்கக் கூடாதே, அதனால் போன் போட்டும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு டியூட்டிக்குப் போனார். சாயங்காலம் பெரியவர் விழுந்தார்.

மாத்திரை டப்பாவில் நேற்றைய மதிய மாத்திரை அப்படியே இருந்தது. ஆகக் கொடுக்கவில்லை என்பது உறுதி. டிக்கை என் இரண்டு கண்ணால் பார்த்தேன் என்கிறார் அண்ணன். தொடவே இல்லை என்கிறார் மாப்பிள்ளை. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். மகளும் அப்படித்தான் நினைத்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா டிக்கெட் இல்லாதவன் மூஞ்சியைப் பாத்துப் பாத்து எனக்குப் பழக்கம்," என்றார் அண்ணன். "இனிமே மாத்திரை டப்பா என்கிட்ட இருக்கட்டும். மூணு வேளையும் நானே பாத்துக்கறேன். வேற யாரும் தொட வேண்டாம்."

அவர் சத்தம் அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு படி கூடுதலாக இருந்தது. நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்து, "இது ஆஸ்பத்திரி சார்," என்றாள்.

வாடகைக் காரில் பெரியவரை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். பின்னால் நடுவில் மகள். ஒரு பக்கம் அண்ணன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். இன்னொரு பக்கம் மாப்பிள்ளை கைவிரலில் ஊசி குத்திய தழும்புகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

மகள் அவர் காதருகே குனிந்தாள். "என்னங்க, கிளம்பற அவசரத்துல டிக்கை முதல்ல தொட்டுட்டு, அப்புறம் மாத்திரையை மறந்திருக்கலாம் இல்ல?"

மாப்பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீயுமா?" என்றார்.

அதற்கு மேல் வீடு வரும் வரை பெரியவர் மட்டும்தான் டிரைவரிடம் பிரேக் சத்தம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

வீடு நேற்று சாயங்காலம் பூட்டியது பூட்டியபடி கிடந்தது. பதினொன்றரை மணி. மகள்தான் முதலில் உள்ளே போனாள், படுக்கையைத் தட்டிப் போட. நடையைத் தாண்டும்போது பழக்க தோஷத்தில் சுவரைப் பார்த்தாள். காலை, டிக். மதியம், டிக். சரிதான் என்று இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

ராத்திரி முழுக்க இந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை. காலை ஐந்து மணிக்குத் திரை தன்னைத்தானே துடைத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு கதவைத் திறந்தது இப்போதுதான். காலைக் கட்டத்தையும் மதியக் கட்டத்தையும் யார் தொட்டது? மதியம் இன்னும் வரவே இல்லையே!

ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடினாள். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். தொழிற்சாலையில் கருகல் பார்க்கிற கண் அது. டிக் இருந்தது, ஆனால் பச்சையாக இல்லை. அழுக்கு ரோஸ் நிறத்தில், துணியில் பட்ட பழைய சாயக் கறை போல இருந்தது. காலைக் கட்டத்தில் அழுத்தமாக, மதியக் கட்டத்தில் கொஞ்சம் லேசாக.

விரலால் மதியக் கட்டத்தைத் தொட்டாள். பச்சை டிக் அதன் மேல் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. மறுபடி தொட்டாள். பச்சை போய்விட்டது, ரோஸ் போகவில்லை. புடவைத் தலைப்பால் துடைத்தாள், அப்போதும் போகவில்லை.

"என்னங்க! இங்க வாங்க! அண்ணா, நீயும் வா!"

இரண்டு பேரும் பெரியவரை ஆளுக்கொரு தோளில் தாங்கியபடியே வந்து நின்றார்கள். அவள் திரைச்சீலையைத் திறந்தாள். ஜன்னல் வெளிச்சம் திரையில் அடித்தது. இப்போது பார்த்தால் நிறமெல்லாம் தெரியவில்லை, டிக் மட்டும்தான் தெரிந்தது.

"அண்ணா, நேத்து நீ பாத்தது இதையா?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஊரார் டிக்கெட்டைப் பார்க்க மட்டும்தான் அவருக்குக் கண்ணாடி, வீட்டுக்கு வந்தால் பையில் போட்டுவிடுவார். நெடுநேரம் பார்த்தார்.

"இதைத்தான்," என்றார்.

பெரியவருக்கு மதிய மாத்திரையை மூன்று பேர் கண் முன்னால் கொடுத்தாயிற்று. அண்ணன் துணைக்கு இருந்துகொண்டார். மகளும் மாப்பிள்ளையும் போனை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார்கள்.

அங்கே போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள் முப்பது வயதுப் பெண். கண்ணில் பூதக்கண்ணாடியும், கையில் குண்டூசி அளவு திருகாணியுமாக உட்கார்ந்திருந்தாள். மகள் சொன்னதைப் பாதி கேட்டதுமே போனை வாங்கிக்கொண்டாள்.

"ஒரே படம் எத்தனை நாளா நின்னிருக்கு?"

"பத்து மாசம்."

"ராத்திரியுமா?"

"அணைச்சதே இல்ல."

"வெளிச்சம்?"

"ஃபுல்லா வெச்சிருந்தேன்."

கடைக்காரப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மனுஷனையே அப்படி நிற்க வைத்தால் தாங்குவானா என்று கேட்கிற பார்வை. வாயால் கேட்கவில்லை. போனில் ஏதோ திறந்து, திரை முழுவதையும் முதலில் சிவப்பாக்கினாள். பிறகு பச்சை, பிறகு நீலம், கடைசியில் முழு வெள்ளை.

எழுத்தே இல்லாத வெறும் வெள்ளைத் திரை. ஆனால் அதில் எல்லாம் இருந்தது. காலை, மதியம், இரவு என்ற எழுத்துகள், கட்டங்களின் கோடுகள், மேல் மூலையில் பேட்டரி படம். எல்லாமே நிழலாக நின்றன. ரோஸ் டிக்குகளும் நின்றன.

"ஸ்கிரீன் பர்ன்னு சொல்வோம்," என்றாள். "இந்த மாதிரித் திரையில ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிக் குட்டி பல்பு. எரிய எரியத் தேயும். வெள்ளையா இருக்கற இடத்துல சிவப்பு, பச்சை, நீலம் மூணும் எரிஞ்சு தேஞ்சிருக்கு. டிக் இருந்த இடத்துல பச்சை மட்டும் எரிஞ்சிருக்கு, சிவப்பும் நீலமும் சும்மா உக்காந்திருக்கு. இப்ப டிக்கை எடுத்தாலும், சும்மா உக்காந்ததுங்க தூக்கலாத் தெரியும். அதான் இந்த ரோஸ்."

"அப்ப டிக் போடாமலே போட்ட மாதிரி தெரியும்?" மாப்பிள்ளை கேட்டார்.

"கிட்டப் பாத்தா வித்தியாசம் தெரியும். தள்ளி நின்னு, ஜன்னல் வெளிச்சமும் அடிச்சா யாருக்குமே டிக்தான். மெல்ல மெல்லப் பதிஞ்சதால தினமும் பாக்கற கண்ணுக்குத் தெரியாமலே போயிருக்கும்."

மாப்பிள்ளை அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நேற்று சாயங்காலத்திலிருந்து நிம்மதியாக உட்காராத மனுஷன்.

"சரி பண்ண முடியுமா?" என்று கேட்டாள் மகள்.

"லேசா இருந்தாக் கொஞ்சம் குறைக்கலாம். கலர் மாறி மாறி ஓடற வீடியோ ஒண்ணு போட்டுத் தரேன், ரெண்டு மூணு மணி நேரம் ஓடட்டும். ஆனா தேஞ்ச பல்பு திரும்ப வளராது. ஒரே ராத்திரியில போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சுத்தமாப் போகணும்னா டிஸ்ப்ளேயே மாத்தணும். இவ்வளவு பழைய போனுக்கு அது வேண்டாம். இனிமே வெளிச்சத்தைப் பாதியாக் குறைங்க, வேணும்னும்போது மட்டும் திரை எரியட்டும், கட்டத்தை அப்பப்ப இடம் மாத்தி வைங்க."

"டிக் பதியணும்னா ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிக்கணும்?"

மகள் இதை ஏன் கேட்டாள் என்று மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. தெரிந்துகொள்கிற ஆசை என்று நினைத்தார்.

"இந்த வெளிச்சத்துல தினமும் ஏழெட்டு மணி நேரம், மாசக் கணக்குல நின்னாப் போதும். எவ்வளவு நேரம் நிக்குதோ அவ்வளவு அழுத்தம். இதோ, காலை டிக் நல்லா இறங்கியிருக்கு பாருங்க. மதியம் அதைவிடக் கம்மி."

மகள் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தது போதும் என்று அவளே போனை வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் அவள் நடையை மெதுவாக்கினாள்.

"நான் உங்களை நம்பல," என்றாள். "கார்ல வரும்போது. ஒரு மணி நேரம் நம்பல."

"ஒரு மணி நேரம்தானே," என்றார் மாப்பிள்ளை. "உங்க அண்ணன் நேத்துலேர்ந்து நம்பல."

"சிரிக்காதீங்க. எனக்கு அசிங்கமா இருக்கு."

"எனக்கு நிம்மதியா இருக்கு. ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்து, ஒருவேளை நான்தான் தொட்டுட்டு மறந்துட்டேனோன்னு என்னையே நான் சந்தேகப்பட்டேன் தெரியுமா? உன் அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சோன்னு பயந்துட்டேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் மனம் முழுக்க அங்கே இல்லை. அந்த வெள்ளைத் திரையில் இன்னொன்றையும் அவள் பார்த்திருந்தாள். அதைக் கணவனிடம் சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டியவரிடம் கேட்டுவிடலாம் என்று அடக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் போனை மறுபடி ஆணியில் மாட்டி, வண்ணங்களை ஓட விட்டாள். நடை முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறிக்கொண்டே இருந்தது. "என்ன, சர்க்கஸா?" என்று அறைக்குள்ளிருந்து கேட்டார் பெரியவர்.

கடைக்காரப் பெண் சொன்னதை மாப்பிள்ளை ஒன்று விடாமல் அண்ணனிடம் ஒப்பித்தார். அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டார். உட்கார்ந்தபடி சொல்லக் கூடாத விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"மாப்பிள்ளை, நான் பாத்தது டிக்தான். ஆனா நீங்க போட்ட டிக் இல்ல. ஆஸ்பத்திரியில வெச்சுத் தப்பாப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"டிக்கெட் இல்லைன்னு ஒருத்தனைப் பிடிச்சப்புறம், அவன் பையிலயே டிக்கெட் கிடைச்சா என்ன பண்ணுவீங்க மச்சான்?"

"இறக்கி விட்ட இடத்துலயே மறுபடி ஏத்திப்பேன்."

"அப்ப ஏறிக்கறேன்," என்றார் மாப்பிள்ளை. இரண்டு பேரும் சிரித்தார்கள். மாத்திரை டப்பா கை மாறியது.

அதோடு மாப்பிள்ளை நிற்கவில்லை. துணி வெட்டக் கோடு போடுகிற சாக்குக்கட்டியை எடுத்து வந்தார். பெரியவர் அறைக் கதவு அடர்ந்த பழுப்பு நிறம். அதன் மேல் அளவு நாடா வைத்து, மூன்று கட்டம் கோணாமல் வரைந்தார். இன்றைய காலைக் கட்டத்தில், ஆஸ்பத்திரியில் நர்ஸ் கொடுத்ததற்கு ஒரு டிக். மதியக் கட்டத்தில் ஒரு டிக்.

"இது தேயாது. ராத்திரி டிக்கைப் போட்டுட்டு நீங்க படுத்துக்கங்க மச்சான், காலையில எழுந்து நான் ஈரத்துணியால துடைச்சுடறேன்," என்று சாக்குக்கட்டியை அண்ணன் கையில் கொடுத்தார்.

அண்ணன் அதை வாங்கிக்கொண்டார். டிக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை ஆறு மணிக்கு மகள் வண்ணங்களை நிறுத்தினாள். மாப்பிள்ளை முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டார், நேற்று விட்ட வேலை அவருக்குப் பாக்கி இருந்தது. மெஷின் சத்தம் ஆரம்பித்த பிறகுதான் அவள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வா."

ஜன்னலை மூடினாள். திரையை முழு வெள்ளையாக்கினாள். மூன்று மணி நேரம் ஓடியதில் கறை ஒரு மயிரிழை குறைந்திருந்தது, அவ்வளவுதான். காலை டிக் இருந்தது. மதிய டிக்கும் இருந்தது.

"காலை டிக் ஏழு மணிக்கு விழுந்தா மறுநாள் அஞ்சு மணி வரைக்கும் நிக்கும். இருபத்திரண்டு மணி நேரம். அதான் இவ்வளவு அழுத்தம்," என்றாள். "மதியம் பதினாறு மணி நேரம். ராத்திரி ஒன்பது மணிக்கு நீ டிக் போட்டா, அது அஞ்சு மணி வரைக்கும் எட்டு மணி நேரம் நிக்கும். பத்து மாசம். லேசாவாவது பதிஞ்சிருக்கணும்."

விரலை மூன்றாவது கட்டத்தின் மேல் வைத்தாள். கட்டத்தின் கோடு நிழலாக இருந்தது. இரவு என்ற எழுத்தும் இருந்தது. உள்ளே வெறும் வெள்ளை.

"இந்தக் கட்டம் மட்டும் ஏன் அண்ணா புத்தம் புதுசா இருக்கு?"

இந்த வீடு ஒன்பது மணிக்குச் சாத்திக்கொள்கிற வீடு. மகளுக்கு ஆறு மணிக்கு வேலை. ஒன்பதுக்கு அவர்கள் அறைக் கதவு மூடினால், ஐந்து மணிக்கு எழுந்து வரும்போது முந்தின ராத்திரி டிக்கைத் திரை அழித்து முடித்திருக்கும். பெரியவர் அறையில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் அண்ணன். ராத்திரிக் கட்டத்தை அவரைத் தவிர வேறு யாரும் பார்த்ததே கிடையாது.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். காலையில் ஆஸ்பத்திரியையே அதிர வைத்த குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"டிக் போட மறந்துட்டியா? பத்து மாசமுமா?"

"மறக்கல."

"பின்னே?"

"கொடுக்காததைக் கொடுத்தேன்னு எப்படிப் போடறது?" என்றார் அண்ணன். "அது பொய் இல்லையா?"

மகளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ரத்தத்தில் குறைகிறது என்று டாக்டரம்மா சொன்ன மருந்து இந்த ராத்திரிக் கட்டத்தில்தான் விடுபட்டிருந்தது. டாக்டர் கேட்டபோது, கொடுத்தேன் என்று அண்ணன் சொல்லவே இல்லை. என் பொறுப்பு என்று மட்டும்தான் சொன்னார். போடாத டிக்குக்காக மாப்பிள்ளையை அந்தக் கத்து கத்தியவர், தானும் ஒரு நாள்கூடப் பொய் டிக் போட்டதில்லை. பொய் சொல்லாமலே இத்தனை நாள் மறைத்திருக்கிறார்.

"ராத்திரி மாத்திரையைத் தனியா மாசா மாசம் வாங்கிட்டு வந்தியே? தீர்ந்துடுச்சுன்னு சொன்னியே?"

"வாங்கிட்டு வந்தேன்னுதான் சொன்னேன். தீர்ந்துதுன்னு சொன்னதில்ல."

"அண்ணா, என்கிட்ட டிக்கெட் பரிசோதகர் மாதிரிப் பேசாதே! அப்பா செத்துப்போயிருப்பாரு!"

அவள் குரல் உயர்ந்ததில் முன்னறைத் தையல் மெஷின் நின்றது. அண்ணன் சுவரோடு சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தார். நாற்பத்தாறு வயது ஆள் அழுவதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. எதையோ தரையில் இழுக்கிற சத்தம். கனமான இரும்புச் சத்தம். சாக்குக்கட்டிக் கட்டங்கள் போட்ட கதவு திறந்தது. பெரியவர் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையால் தன்னுடைய பழைய டூல் பாக்ஸை வாசல் வரை இழுத்து வந்திருந்தார்.

"திற," என்றார்.

மகள் குனிந்து திறந்தாள். ஸ்பேனர்களுக்கும் திருகாணிகளுக்கும் மேலே, மாத்திரை அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மாதத்துக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டு, பெரியவர் லிஃப்ட் கம்பிக்குத் தேதி எழுதுகிற அதே கையெழுத்தில் ஒவ்வொன்றிலும் தேதி எழுதியிருந்தது.

"யாரு அப்பா இதை…" என்று ஆரம்பித்தவள், பாதியில் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவனை எதுக்குக் கேக்கறே? அவன் நான் சொன்னதைச் செஞ்சான். வேண்டாம்னு சொன்னது நான்."

மாத்திரையைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டும் என்று இந்தப் பத்து மாதத்தில் அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்கு எதுவும் நிற்காது என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் கண்கள் தெளிவாக இருந்தன. மகளைப் பார்த்து, பெரிய வேலை ஒன்றை ஆரம்பிக்கப்போகிறவரைப் போல மூச்சை இழுத்து விட்டார்.

"சுவரைக் கேட்டது போதும் பாப்பா," என்றார். "என்னைக் கேளு."